கூட வேற யாராவது வந்திருக்காங்களா?

நர்ஸ் வேலை பற்றிய ஓர் ஆய்வில், ஒரே கேள்விக்குப் பதினாறு நாள் இடைவெளியில் இரண்டு பதில் போட்டேன். முதல் தடவை ‘அரிதாக’. இரண்டாம் தடவை ‘எப்போதும்’. இடையில் வேலை மாறவில்லை, வார்டு மாறவில்லை, சம்பளம் சுத்தமாக மாறவில்லை. கேள்வித்தாளோடு வந்த பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னக்கா, இப்படி மாத்திப் போட்டுட்டீங்க” என்று கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டாள். அந்தக் குரல் இரண்டு மாதமாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், எனக்கு வேலை வேண்டும். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். பதினேழு வருஷமாகப் பெண்ணையாற்றுப் பாலத்தைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தாண்டுகிறேன். பஸ் ரெட்டிச்சாவடி வந்தால் கண் தானாக மூடும், அரியாங்குப்பம் வந்தால் தானாகத் திறக்கும். இதையும் ஒரு திறமையாக யாராவது கணக்கில் சேர்த்தால் நன்றாயிருக்கும்.

அந்தப் பெண் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருஷம். மதியம் இரண்டு மணிக்கு, மார்னிங் டூட்டிக்காரர்கள் ஈவினிங் டூட்டிக்கு ஓவர் கொடுக்கிற, அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி வார்டை ஒப்படைக்கிற நேரமாகப் பார்த்து வந்து நின்றாள். கையில் ஒரு கட்டுத் தாள். தலைப்பு, ‘செவிலியர் பணியின் உணர்வுசார் கோரிக்கைகளை அளவிடுதல்’. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “கோரிக்கையா? நீ எந்தச் சங்கம்மா? மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியுமா?” பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. விஷயம் வேறொன்றுமில்லை. ‘டிமாண்ட்’ என்பதற்கு அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் நர்ஸும் கோரிக்கையும் ஒரே வரியில் வந்தால் பந்தல், மைக்செட், பணி நிரந்தரம் என்றுதான் படிக்கத் தோன்றும். வேலை நம் மனசிடமிருந்து எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு பிடுங்குகிறது என்பதைத்தான் அவள் அளக்க வந்திருந்தாள். அதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லையா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ‘மனபாரம்’ கிட்டே வருகிறது. ஆனால் அது நம்மிடம் வந்து சேர்ந்த சுமை. வேலை கேட்கிற அளவு அது ஆகாது.

எல்லோரும் ஓவர் முடித்து நர்சஸ் ஸ்டேஷனிலேயே, இன்சார்ஜ் சிஸ்டரின் கண் முன்னால், டிக் போட்டோம். பெயர் எழுத வேண்டியதில்லை, ஒரு நம்பர் மட்டும். கேள்விகளில் பாதி, டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் கேள்வித்தாளிலிருந்து எடுத்தவை. தொழிலாளர்கள் எந்த வேலையில் இருந்தாலும் அந்த வேலையின் மன அழுத்தங்களைக் கேட்டறிய உருவாக்கியது அது. உணர்வை மறைக்க வேண்டியிருப்பதைத் தனியாகவும், மனசை உலுக்கும் சூழ்நிலைகளைத் தனியாகவும் கேட்கிறது. பதில்கள் ஐந்து. எப்போதும் என்றால் 100, அடிக்கடி 75, சில நேரம் 50, அரிதாக 25, இல்லவே இல்லை என்றால் பூஜ்யம். ஏழாவது கேள்வி தமிழில் இப்படி வந்திருந்தது: ‘உங்களை உணர்ச்சிவசப்பட வைக்கும் சூழ்நிலைகளில் உங்கள் வேலை உங்களைத் தள்ளுகிறதா?’ நான் யோசிக்கக்கூட இல்லை. அரிதாக. 25 மார்க். இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

உணர்ச்சிவசம் என்கிற குற்றச்சாட்டு

தமிழில் ‘உணர்ச்சிவசப்பட்டுட்டேன்’ என்று எப்போது சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கும்போது சொல்வோம். பஞ்சாயத்தில் கை ஓங்கிய பிறகு சொல்வோம். ‘உணர்ச்சிவசப்படாதீங்க’ என்பது மூக்கு சிவந்தவரைப் பார்த்துச் சொல்வது. அந்தச் சொல்லை வைத்து ஒரு நர்ஸிடம் கேள்வி கேட்டால், அவள் காதில் விழுவது ‘நீ நிதானம் தவறுகிறாயா?’ என்பதுதான். பதினேழு வருஷ சர்வீஸ் உள்ளவள், அதுவும் இன்சார்ஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆமாம் என்றா டிக் போடுவாள்? அன்றைக்கு எங்கள் வார்டில் எட்டுப் பேர் நிரப்பினோம். ஏழாவது கேள்விக்கு ‘சில நேரம்’ தாண்டி யாரும் போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மொழிபெயர்த்ததைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தோம் என்றாள் அந்தப் பெண். முறைப்படி அப்படித்தான் செய்வார்கள், அவளும் சரியாகவே செய்திருக்கிறாள். சொல் ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போனது. அது சுமந்து வந்த கூச்சம் போகவில்லை.

நாங்கள் அளவுகளோடு வாழ்கிறவர்கள் என்பதால் இது எனக்கு இன்னும் உறுத்தியது. ஒருநாள் டூட்டியில் நான் அளக்காதது எது? வெப்பம், நாடி, பிபி, சர்க்கரை, மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க். நினைவுக்கு கிளாஸ்கோ அளவு, 1974-இலிருந்து புழக்கத்தில் இருப்பது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. அதில் ஒரு வேடிக்கை உண்டு. எதற்குமே அசையாதவருக்கும் மூன்றிலும் ஒவ்வொரு மார்க் என்று 3 கிடைக்கும். பூஜ்யமே அதில் கிடையாது. படிக்கும்போது இதைச் சொல்லி எங்கள் டியூட்டர் சிரிப்பார். ஆனாலும் அந்த மூன்றை நம்பி முடிவெடுக்கிறோம். ஏனென்றால் அது கண்ணைத் திறக்கிறாரா என்று பார்த்துப் போடுகிற மார்க். நோயாளியிடமே ‘நீங்கள் நினைவோடு இருக்கிறீர்களா, அடிக்கடியா, அரிதாகவா’ என்று கேட்டுப் போடுவதில்லை.

டீ கிளாஸ்

இடைப்பட்ட பதினாறு நாளில் ஒரு நைட் டூட்டி. இருபத்தெட்டு படுக்கை, நானும் ஒரு ஜூனியரும். அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். பன்னிரண்டாம் படுக்கையில் ஒரு மீனவப் பெரியவர், நாள்பட்ட நுரையீரல் நோயோடு இதயமும் தளர்ந்துபோனவர். வென்டிலேட்டர் வேண்டாம் என்று குடும்பம் எழுதிக் கொடுத்திருந்தது. விடியற்காலை மூன்று நாற்பதுக்கு டாக்டர் வந்து பார்த்தார், ஈசிஜி எடுத்தோம், நேர்கோடு. டாக்டருக்கு உடனே கேஷுவாலிட்டியிலிருந்து போன், போய்விட்டார். கூட இருந்த மகன் கேட் பக்கம் டீ வாங்கப் போயிருந்தார். அதே நேரம் நான்காம் படுக்கைக்காரர் வியர்த்துக் கொட்டிக் கிடக்கிறார், சர்க்கரை 38-க்கு இறங்கியிருக்கிறது. நான் டெக்ஸ்ட்ரோஸ் சிரிஞ்சைப் போட்டு மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், கையை எடுக்க முடியாது. வார்டு வாசலில் மகனின் செருப்புச் சத்தம். ஜூனியர் என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. “அண்ணா, டீயைக் கீழ வைங்க. இப்படி உட்காருங்க.” கொஞ்சம் இடைவெளி. “கூட வேற யாராவது வந்திருக்காங்களா?”

எனக்குச் சிரிஞ்சைப் பிடித்த விரல் குளிர்ந்துவிட்டது. அது என் வாக்கியம். வார்த்தை மட்டுமில்லை, ‘உட்காருங்க’வுக்குப் பிறகு விடுகிற அந்த மூச்சு இடைவெளி என்னுடையது, ‘வேற’ என்கிற இடத்தில் குரலை இறக்குவது என்னுடையது. நம் ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எவருக்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். கேள்வி முடிவதற்குள் பதில் தெரிந்துவிடும். மகன், “இல்லையே, நான் மட்டுந்தான் இருக்கேன்” என்றார். அப்புறம் சத்தம் இல்லை. அப்புறம், “அப்பாவா?”

அந்த வாக்கியத்தைச் செய்ய எனக்கு எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? முதல் வருஷத்தில் ஒரு அம்மாவிடம் போய், “முடிஞ்சிடுச்சும்மா” என்றேன். மென்மையாகச் சொல்வதாக நினைப்பு. அந்த அம்மா டிரிப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, “அப்ப வேற மாத்தி விடு தாயி” என்றார். இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்தது. அந்த இரண்டாம் தடவையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். முதலில் கையிலிருப்பதைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும், சூடான டீ என்றால் கட்டாயம். நாற்காலி தயாராக இருக்க வேண்டும், டைல்ஸ் தரையில் விழுந்தால் மண்டை உடையும். கேஸ்ஷீட்டை இடது கையில் வைத்துக்கொண்டால் வலது கை தோளைப் பிடிக்க இருக்கும். மாஸ்க்கை இறக்க வேண்டும். வாசலை மறித்து நிற்கக் கூடாது, சிலர் ஓடத்தான் செய்வார்கள். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும்வரை அது ஒரு வேலை, நான் செய்து செய்து கூர் ஏற்றிய ஒரு கருவி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்காம் படுக்கைக்காரர் கண் திறந்ததும் டிரீட்மென்ட் ரூமுக்குப் போனேன். ஜூனியர் ஆறு மணி ஊசிகளுக்கு மருந்து எடுத்து வைக்கிறேன் என்று ஒரு கண்ணாடி ஆம்பியூலை உடைத்து விரலைக் கிழித்துக்கொண்டு நின்றாள். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. காஸ் துணி வைத்து அழுத்திப் பிடித்தேன். வாயில் தானாக வந்தது: “போகப் போகப் பழகிடும்.”

“எதுக்கா பழகும்? அவங்க சாவுறதா, நாம சொல்றதா?”

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடந்ததும் அப்படித்தான். லைன்களை எடுத்தோம், தாடையையும் கால் பெருவிரல்களையும் கட்டினோம். நாலரைக்குப் படுக்கையைக் கழுவி கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைத்தாயிற்று. ஐந்தே காலுக்கு அதே பன்னிரண்டாம் படுக்கைக்கு ஒரு அட்மிஷன். அவர் மனைவி மேலே பார்த்துவிட்டு, “காத்து நல்லா வருமா சிஸ்டர்?” என்றார். “ஃபுல் ஸ்பீடு வைச்சா பறந்துடுவீங்கம்மா” என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன், அதில் பொய் இல்லை. ஆறரைக்கு அந்த மகன், அண்ணன், மச்சான் என்று பத்துப் பேர் ஸ்டேஷன் முன்னால். பில் முடித்த சீட்டு வந்தால்தான் பாடியை அனுப்பலாம் என்பது நான் போட்ட விதி இல்லை. அதைச் சொல்கிற வாய் மட்டும் என்னுடையது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் விட்டுவிடலாம், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன். காலை பஸ்ஸில் ஜூனியர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு தேவனாம்பட்டினம் பக்கம். 2004 சுனாமியில் அவளுக்கு நாலு வயது. கிருமாம்பாக்கம் தாண்டும்போது ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். “எங்க தாத்தாவும் அந்தாளு மாதிரியேதான் இருமுவாரு.” அன்றைக்கு ரெட்டிச்சாவடி வந்தும் எனக்குக் கண் மூடவில்லை.

எழுவாய்

ஒரே கருவியை இரண்டு வார இடைவெளியில் அதே ஆட்களிடம் திரும்பக் கொடுப்பது ஆய்வில் வழக்கம். பதில்கள் ஒத்துப்போனால் கருவி நம்பகமானது. அதற்காகத்தான் அந்தப் பெண் பதினாறாம் நாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பஸ் அவசரம் இல்லை, ஈவினிங் டூட்டிக்கு அரை மணி முன்னதாகவே போயிருந்தேன். ஏழாவது கேள்வியை மெதுவாகப் படித்தேன். ‘உங்கள் வேலை உங்களைத் தள்ளுகிறதா?’ ஆறாம் வகுப்பு இலக்கணம்தான். எழுவாய் வேலை. நான் வெறும் செயப்படுபொருள். நான் விழுந்தேனா, அழுதேனா என்று கேள்வி கேட்கவே இல்லை. தள்ளுகிறதா என்றுதான் கேட்கிறது. எப்போதும். 100 மார்க்.

நான் காரணம் சொன்னதும் அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டாள். நல்ல பெண், கேட்கத் தெரிந்தவள். அவளிடமிருந்துதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. முதல் சுற்றில் பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர்களுக்கு ஸ்கோர் குறைவாக வந்திருக்கிறது. ‘அனுபவம் கூடக்கூட உணர்வுச்சுமை குறைகிறது’ என்று எழுதலாமா என்று அவளுடைய கைடு கேட்டாராம். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு படுக்கையும் இரண்டு ஸ்டாஃபும் எனக்கும் ஜூனியருக்கும் ஒன்றேதான். பார்க்கப்போனால் கஷ்டமான படுக்கைகள் சீனியருக்குத்தான் வரும். சுமை குறையவில்லை, சுமப்பது தெரியாமல் போயிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தாங்க முடியாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. என்னோடு படித்தவர்களில் வார்டில் இன்னும் நிற்பவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். சிலர் வளைகுடா, ஒருத்தி இங்கிலாந்து, ஒருத்தி நெல்லிக்குப்பத்தில் தையல் கடை. மிச்சம் நின்றவர்களிடம் மட்டும் போய் கனமாக இருக்கிறதா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

அவளுடைய பின்னணி அத்தியாயத்தை வாங்கிப் படித்தேன். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பு ஒரு வேலை, அதற்கு உழைப்பு தேவை என்று 1983-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் எழுதியது அதில் இருந்தது. முகத்தில் மட்டும் வரவழைப்பது ஒன்று, உள்ளேயே அந்த உணர்வை வரவழைத்துக்கொள்வது இன்னொன்று என்று அவர் பிரிக்கிறார். ஐந்தே கால் மணிக்கு ஃபேன் ஜோக் அடித்த நான் இரண்டாவது ரகம். வேலையில் சோர்ந்துபோவதை அளக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட 22 கேள்விப் பட்டியலும் இருந்தது. மனசு வற்றிப்போகிற களைப்பு, சாதித்தோம் என்கிற எண்ணம் இவற்றோடு, ஆட்களை ஆட்களாகப் பார்க்காமல் போவதையும் அது ஒரு பிரிவாக அளக்கிறது. இங்கே நான் கொஞ்சம் சண்டை போடுவேன். ஓவர் கொடுக்கும்போது ‘பன்னெண்டு போயிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம். அவர் பெயர் எனக்குத் தெரியும், அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ பிடிக்காது என்பதும் தெரியும். லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையில் 1950-களின் கடைசியில் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் பார்த்ததும் இதேதான். அங்கேயும் நர்சுகள் நோயாளியைப் படுக்கை எண்ணாலும் கெட்டுப்போன உறுப்பாலும்தான் குறிப்பிட்டார்கள். அவர் நர்சுகளை நோயாளியாக்கவில்லை. பதற்றத்தைத் தாங்க மருத்துவமனையே கட்டிக்கொண்ட வேலி என்று அதைச் சொன்னார். படித்தபோது யாரோ முதுகைத் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

நர்ஸை அளந்தால் நர்ஸுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். எங்கள் மருத்துவமனையிலும் முன்பு ஒரு சர்வே நடந்தது. பலனாக மே 12, செவிலியர் தினத்தன்று கேக்கும் ஒரு மணி நேர மூச்சுப் பயிற்சியும் கிடைத்தன. நைட் முடித்தவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. பாதிப் பேர் மூச்சை உள்ளே இழுத்ததோடு தூங்கிவிட்டோம். வேலையில் இப்படிச் சோர்ந்துபோவதை (‘பர்ன் அவுட்’) நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் உலக சுகாதார நிறுவனமே 2019-இல் வகைப்படுத்தியது. அப்படியென்றால் தெர்மாமீட்டரை வேலையில் அல்லவா வைக்க வேண்டும்? எங்களுக்குப் பழகிய ஐ/ஓ சார்ட் போதும். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது. அந்த ஒரு இரவுக்கு நான் போட்டுப் பார்த்தேன். சாவுச் செய்தி சொன்னது ஒன்று. இறந்த படுக்கையில் அடுத்த ஆளைச் சிரித்து வரவேற்க இடைவெளி தொண்ணூற்றைந்து நிமிஷம். நான் போடாத விதிக்காக வாங்கிய வசவு, பத்துப் பேரிடமிருந்து. ஒரு ஸ்டாஃபுக்குப் படுக்கை பதினான்கு. இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றதில் 5-க்கு ஒருவர், லீவுக்காக இன்னும் 30 சதவீதம். அழுதேனா இல்லையா என்று யாரையும் கேட்காமலே இவ்வளவும் எழுதிவிடலாம். பில் விவகாரத்துக்கு ஒரு கேள்வி சேர்த்துக்கொள் என்றேன். கைடிடம் கேட்கிறேன் என்றாள்.

“சரிக்கா, இப்ப நான் எந்தப் பதிலை வெச்சுக்கறது?”

“ரெண்டையும் போடு.”

“அப்படியெல்லாம் போட முடியாதுக்கா. உங்க ஒரு ஆளால ரிலையபிலிட்டி அடி வாங்குது.”

இரண்டு பேரும் சிரித்தோம். எண்ணிக்கைக்கு அவளுக்கு இன்னும் சிலர் தேவைப்பட்டது. என்னோடு ஈவினிங் டூட்டிக்கு வந்திருந்த ஜூனியரிடம் ஒரு புதுத் தாளைக் கொடுத்தாள். விரலில் பிளாஸ்டர் போய் சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. நின்றபடியே, மருந்து டிராலியில் தாளை வைத்து நிரப்ப ஆரம்பித்தாள். ஏழாவது கேள்வியில் பேனா கொஞ்சம் நின்றது. இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து ‘அரிதாக’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பிபி மெஷினை எடுத்துக்கொண்டு முதல் படுக்கைக்குப் போனாள்.